பழைய கார் வாங்கக் கிளம்பும் முன்: ஆர்சி புக்கில் தொடங்கி புதுப்பேட்டை வரை, எதற்குப் பின் எது

பழைய கார் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத்தான் தொடங்குகிறார்கள். முதலில் வண்டியைப் பார்ப்பது, பிடித்துப்போய் டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பது, பிறகு மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டுவது, கடைசியில் பேப்பரைப் பார்ப்பது. அட்வான்ஸ் கொடுத்த பிறகு என்ன குறை தெரிந்தாலும் மனசு அதற்கு ஒரு சமாதானம் சொல்லிவிடும். காசு செலவில்லாத சோதனைகளை முதலில் முடித்து, விலை பேச உட்காரும் முன்பே பார்ட்ஸ் விலையைக் கையில் வைத்திருந்தால் நிலைமையே வேறு. அந்த வரிசையில்தான், சென்னையின் பழைய பார்ட்ஸ் சந்தையான புதுப்பேட்டை வரை, கீழே எழுதியிருக்கிறேன்.

## 1. கையில் இருக்கும் முழுத் தொகையையும் வண்டிக்கு ஒதுக்காதீர்கள்

மூன்று லட்சம் இருந்தால் மூன்று லட்சத்துக்கு வண்டி தேடக் கூடாது. பத்தில் ஒன்றரைப் பங்கையாவது எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்குள் தேடுங்கள். பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ், முதல் சர்வீஸ், டயர், பேட்டரி என்று வாங்கிய இரண்டு மாதத்துக்குள் வரிசையாகச் செலவு வந்து நிற்கும். எட்டு வயதைத் தாண்டிய வண்டி என்றால் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்குவது நல்லது.

அந்த மாடல் புதிதாக இன்று என்ன விலை என்பதையும் பார்த்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. ஆனால் விற்கிறவர் தன் பழைய பில்லைக் காட்டி, "நான் வாங்கினப்பவே ஏழரை லட்சம்" என்பார். அவர் அன்று கொடுத்த விலை உங்கள் கணக்கில் சேராது. இன்றைய ஷோரூம் விலையிலிருந்துதான் கீழே இறங்கி வர வேண்டும்.

## 2. வண்டிக்கு முன்னால் பார்ட்ஸ் விசாரியுங்கள்

ஒரே வருஷம், ஒரே கிலோமீட்டர், ஆனால் ஒரு கார் மட்டும் ஒரு லட்சம் மலிவு என்றால் பெரும்பாலும் காரணம் பார்ட்ஸ்தான். செவ்ரோலே 2017-இல் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-இல் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்து, மறைமலை நகர் ஆலை மறு வருஷம் ஓய்ந்தது. அந்த வண்டிகள் மோசம் என்று சொல்லவில்லை. ஓட்டுவதற்கு அருமையான ஃபிகோக்கள் இன்னும் ரோட்டில் இருக்கின்றன. ஆனால் ஃபில்டரும் பிரேக் பேடும் கிடைக்கிற சுலபத்தில் பம்பரும் ஹெட்லைட்டும் கிடைக்காது.

எனவே மனசில் இருக்கும் மாடலுக்கு ஐந்து பொருட்களின் விலையை ஒரு ஸ்பேர்ஸ் கடையில் போனிலேயே கேளுங்கள்: கிளட்ச் செட், முன்பக்க ஷாக் அப்சார்பர் ஜோடி, லோயர் ஆர்ம் (சக்கரத்தை பாடியோடு பிணைக்கும் கை), ஹெட்லைட், ஏசி கம்ப்ரசர். "ஆர்டர் போட்டுத்தான் வரும் சார்" என்ற பதில் இரண்டு பொருட்களுக்கு வந்தால் வேறு மாடலுக்குப் போய்விடுங்கள். கிடைத்த விலைகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள். எட்டாவது படியில் அந்தத் தாள்தான் உங்களுக்காகப் பேசும்.

புதியவர்களுக்கு என் சிபாரிசு மாருதி, ஹூண்டாய் பெட்ரோல் வண்டிகள். டீசல்தான் வேண்டும் என்றால், பழைய ஸ்விஃப்ட், டிசையரில் இருக்கும் 1.3 லிட்டர் என்ஜின் இண்டிகா விஸ்டாவிலும் ஃபியட் வண்டிகளிலும் வந்தது. அதை வேலை பார்க்கத் தெரிந்த மெக்கானிக் எல்லா ஊரிலும் உண்டு. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் கூட ஓட்டாதவர்கள் டீசல் பக்கமே போக வேண்டாம். மைலேஜில் மிச்சமாவதை இன்ஜெக்டரும் டர்போவும் ஒரே தடவையில் வாங்கிக்கொள்ளும்.

## 3. வீட்டில் உட்கார்ந்தே ஆர்சியைச் சோதியுங்கள்

நேரில் போகும் முன் வண்டி எண்ணைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அத்தோடு விட்டுவிடுங்கள். எண் கிடைத்ததும் அரசின் எம்பரிவாகன் செயலியிலோ பரிவாகன் தளத்திலோ போட்டு இவற்றைப் பாருங்கள்:

- எத்தனையாவது ஓனர். "சிங்கிள் ஓனர்" என்று சொல்லிவிட்டு உள்ளே மூன்று என்று இருந்தால், மற்ற பேச்சையும் அதே கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.
- எச்பி பதிவு, அதாவது வண்டியின் மேல் உள்ள கடன் பதிவு. லோன் கட்டி முடித்திருந்தாலும் ஆர்சியில் பைனான்ஸ் பெயர் நின்றுகொண்டே இருக்கும். படிவம் 35-உம் வங்கியின் என்ஓசியும் (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) கொடுத்து அதை நீக்கினால்தான் உங்களிடம் சுத்தமாக வரும்.
- எஃப்சி (தகுதிச் சான்று) தேதி. சொந்த உபயோக காருக்குப் பதிவு 15 வருஷம். அதன் பிறகு புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் சேரும். 14 வயதான வண்டி கவர்ச்சியான விலையில் வருவது பெரும்பாலும் இந்தச் செலவைத் தள்ளிவிடத்தான்.
- பிளாக்லிஸ்ட், செலான். இ-செலான் தளம் சேசிஸ் அல்லது என்ஜின் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளைக் கேட்கும். ஆர்சியின் போட்டோவை வாங்கிக்கொண்டால் இதையும் சேர்த்தே முடித்துவிடலாம்.

டெல்லி பதிவெண் வண்டிகள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே டீசலுக்குப் பத்து வருஷம், பெட்ரோலுக்குப் பதினைந்து வருஷம் என்று கொண்டுவந்த கட்டுப்பாட்டால் (2025-இல் அது ஓரளவு தளர்ந்தது) நல்ல வண்டிகள் கூட மலிவாக வெளியேறி நம் ஊர் கன்சல்டிங்குகளுக்கு, அதாவது பழைய கார் விற்றுத் தரும் கடைகளுக்கு, வந்திருக்கின்றன. என்ஓசி, மறுபதிவு, இங்கே மறுபடியும் கட்ட வேண்டிய சாலை வரி எல்லாவற்றையும் கூட்டினால் அந்த மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும். கூட்டிப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

## 4. இன்ஷூரன்ஸ் பாலிசியை வாசியுங்கள்

பலர் முடியும் தேதியை மட்டும் பார்த்துவிட்டு மடித்துவிடுகிறார்கள். வண்டியின் பூர்வீகத்தைச் சொல்வது நோ கிளெய்ம் போனஸ் என்ற வரி. கிளெய்ம் இல்லாமல் ஒவ்வொரு வருஷமும் 20, 25, 35, 45, 50 என்று அந்தச் சதவீதம் ஏறும். ஆறு வருஷ வண்டியின் பாலிசியில் 50 இருந்தால் நல்ல அறிகுறி. பூஜ்ஜியம் இருந்தால், "போன வருஷம் என்ன கிளெய்ம் போட்டீங்க?" என்று நேராகக் கேளுங்கள். (போனஸ் ஆளுக்குச் சொந்தமே தவிர வண்டிக்கு அல்ல, பழைய காரிலிருந்து கொண்டுவந்ததாகவும் இருக்கலாம். அதனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.)

அதே காரணத்தால் அந்தப் போனஸ் உங்களுக்கு வராது. பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றும்போது வித்தியாசத் தொகை கட்ட வேண்டியிருக்கும். அதையும் உங்கள் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

## 5. குளிர்ந்த என்ஜினைத்தான் பார்க்க வேண்டும்

காலை நேரத்தில் போங்கள். "நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், ஸ்டார்ட்டிங் கோளாறை மறைக்க ஓட்டி வைத்திருக்கிறார்களோ என்ற கேள்வி வரும். டீ குடிக்கப் போய்விட்டு ஆறின பிறகு வாருங்கள், அல்லது வேறொரு நாள் வாருங்கள்.

சாவி போட்டு, ஸ்டார்ட் செய்யாமல் 'ஆன்' நிலையில் வைத்ததும் செக் என்ஜின், ஏர்பேக், ஏபிஎஸ் விளக்குகள் மீட்டரில் எரிய வேண்டும்; ஏர்பேக், ஏபிஎஸ் சில விநாடிகளிலும், செக் என்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம், வயரை வேறு விளக்கோடு இணைத்திருக்கலாம். எரிந்துகொண்டே இருப்பதைவிட எரியாமலே இருப்பதுதான் ஆபத்து.

ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். மோர் கலந்ததுபோல் வெளுத்த பிசின் இருந்தால் கூலன்ட் உள்ளே போகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். ஸ்டார்ட் செய்து சைலன்சர் பக்கம் ஒருவர் நிற்கட்டும். நீலப் புகை ஆயில் எரிவது. சூடேறிய பிறகும் நிற்காத அடர்த்தியான வெள்ளைப் புகை கூலன்ட் எரிவது. இந்த இரண்டில் எது இருந்தாலும் விலை பேசவே வேண்டாம், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். என்ஜின் வேலைக்கு உத்தேசத் தொகை என்று ஒன்று கிடையாது, பிரித்த பிறகுதான் தெரியும்.

## 6. டிங்கரிங், வெள்ளம், மீட்டர்

பெயின்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள், போல்ட்டைப் பாருங்கள். பானட்டைத் திறந்தால் ஃபெண்டரை (முன் சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடு) பிடித்திருக்கும் போல்ட்டுகள் வரிசையாகத் தெரியும். கம்பெனியிலிருந்து வந்தபடி இருந்தால் அவற்றின் தலையில் பெயின்ட் உடையாமல் இருக்கும். முனையில் ஸ்பானர் பட்ட தடம் இருந்தால் ஃபெண்டரைக் கழற்றியிருக்கிறார்கள். ஃபெண்டர், பம்பர் மாற்றியது ஒரு குற்றமே இல்லை, நம் ஊர் டிராஃபிக்கில் அது சகஜம். ஏப்ரன் (என்ஜினுக்கு இரு பக்கமும் உள்ள உள்தகடு), பில்லர் (கூரையைத் தாங்கும் தூண்), ரேடியேட்டருக்கு மேலே குறுக்கே போகும் சட்டம், டிக்கியில் ஸ்டெப்னி படுக்கும் பள்ளம் ஆகியவற்றில் வெல்டிங்கோ சுருக்கமோ இருந்தால் அது வேறு கதை. அது பெரிய அடி வாங்கிய வண்டி.

எல்லாக் கண்ணாடியிலும் மூலையில் தயாரிப்பாளர் முத்திரையும் வருஷக் குறியும் இருக்கும். ஒரு கதவில் மட்டும் வேறாக இருந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் ஒரு தடவை உற்றுப் பாருங்கள்.

சென்னை, சுற்றுவட்டார வண்டி என்றால் வெள்ளச் சோதனை கட்டாயம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் மிதந்த வண்டிகள் எத்தனையோ ஓனர் மாறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. சீட் கவரும் மேட்டும் புதுசாக மாற்றிவிடுவார்கள். சீட் பெல்ட்டை யாரும் மாற்றுவதில்லை. பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை கோடு போட்டதுபோல் தெரியும். சீட்டுக்கு அடியில் அது நகரும் இரும்புத் தடத்தில் துருவும், கார்ப்பெட்டைத் தூக்கினால் புளித்த நாற்றமும் அதையே சொல்லும்.

மீட்டர் குறைத்திருப்பதைக் கண்டுபிடிக்க டயர் உதவும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம். மீட்டர் 28,000 கிலோமீட்டர் என்கிறது, 2017 வண்டியில் நான்கு டயரும் 2022-இல் செய்தவை என்றால், அவ்வளவு சீக்கிரம் டயர் தேய்ந்தது எப்படி? வேறு காரணமும் இருக்கலாம், ஆனால் கேட்டே ஆக வேண்டும். கிளட்ச் மிதியின் ரப்பர், ஸ்டியரிங் தோல், கியர் குமிழ் ஆகியவற்றின் தேய்மானத்தையும் சேர்த்துப் பாருங்கள். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் செய்த வண்டி என்றால், ஓனரையே கூட வைத்துக்கொண்டு சர்வீஸ் வரலாற்றைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு தடவையும் பதிந்த கிலோமீட்டர் அதில் இருக்கும்.

## 7. ஓட்டும்போது பாட்டை நிறுத்துங்கள்

ஓனர் ஆடியோ சிஸ்டத்தின் அருமையைக் காட்ட ஆரம்பித்தால் பணிவாக அணைத்துவிடுங்கள்.

மூன்றாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே சட்டென்று ஆக்சிலரேட்டரை மிதியுங்கள். என்ஜின் சத்தம் ஏறி வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. காலி இடத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து வட்டம் அடியுங்கள், "டக் டக்" என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். ஸ்பீடு பிரேக்கரில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஏற்றி இறக்கினால் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு எல்லாம் பேச ஆரம்பித்துவிடும். கடைசியாக, வெயிலில் நிறுத்தி ஏசியை ஓடவிடுங்கள். ஓடும்போது குளிர்ந்து நின்றதும் குளிர் குறைந்தால் ஃபேன் அல்லது கண்டன்சர் வேலை இருக்கிறது.

இதுவரை எல்லாம் தேறிய வண்டிக்கு மட்டும் மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் அவருக்குப் பணம் கொடுத்தால் கட்டுப்படியாகாது. அந்த மெக்கானிக் உங்களுக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும், கன்சல்டிங்காரர் ஏற்பாடு செய்தவராக இருக்கக் கூடாது.

## 8. பார்ட்ஸ் தாளை வைத்து விலை பேசுங்கள்

"கொஞ்சம் கொறைச்சுக்குங்க சார்" என்றால் ஐயாயிரம் குறையும். பட்டியல் போட்டுப் பேசினால் கணக்காகக் குறையும். உதாரணத்துக்கு, ஒரு ஹேட்ச்பேக்குக்கு மூன்றரை லட்சம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு டயருக்கு 20,000, கிளட்ச் செட் கூலியோடு 9,000, லோயர் ஆர்ம் இரண்டு 5,000, பேட்டரி 4,500, இன்ஷூரன்ஸ் வித்தியாசம் 3,000. கூட்டினால் 41,500. முழுதையும் அவர் தர மாட்டார், ஆனால் பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

பேசும் விதம் இப்படி இருக்கட்டும்: "அண்ணே, வண்டி நல்லா வச்சிருக்கீங்க, அதுல குறையே இல்ல. ஆனா நாளைக்கே நான் இவ்வளவு செய்யணும். கடையில விலை கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன், நீங்களே போன் போட்டுக் கேளுங்க." வண்டியை மட்டம் தட்டிப் பேசினால் ஓனருக்குக் கோபம்தான் வரும், விலை இறங்காது. பல பேருக்கு அது வீட்டில் முதல் கார்.

## 9. முன்பணம், பேப்பர், பெயர் மாற்றம்

டோக்கன் சிறிய தொகையாக இருக்கட்டும். "எச்பி நீக்கித் தராவிட்டால் திருப்பித் தரப்படும்" என்று எழுதி வாங்குங்கள். மிச்சத்தை ஆர்சியில் பெயர் இருக்கும் ஆளின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள்.

புதியவர்கள் அதிகம் மாட்டுவது "ஓப்பன் பேப்பர்" வண்டிகளில். முதல் ஓனர் படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டு வெறுமையாகக் கொடுத்திருப்பார். இடையில் இரண்டு கை மாறியிருக்கும், ஆர்சியில் பெயர் மாறியிருக்காது. நீங்கள் மாற்றப் போகும்போது ஓடிபி முதல் ஓனரின் போனுக்குப் போகும். அவர் துபாயில் இருக்கலாம், போன் எண்ணை மாற்றியிருக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம். ஆர்சியில் உள்ள ஆளிடம் ஒரு தடவையாவது பேசிவிட்டுத்தான் பணம்.

விற்கிறவருக்கும் இதில் ஆபத்து உண்டு. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. இதை எடுத்துச் சொன்னால் இழுத்தடிக்கிற ஓனரும் சீக்கிரம் வருவார்.

டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதுங்கள். காலையில் கேமராவில் விழுந்த செலான் யாருடையது என்ற சண்டை வராது. இன்ஷூரன்ஸ் மாற்ற 14 நாள்தான் அவகாசம். அதன் பிறகு உங்கள் வண்டிக்கு நேரும் சேதத்துக்குக் கிளெய்ம் கிடைப்பது சந்தேகம். பழைய ஃபாஸ்டேக்கை அவர் மூடட்டும், நீங்கள் புதிது வாங்குங்கள். இரண்டாவது சாவியைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள், இம்மொபிலைசர் (உள்ளே சிப் இருக்கும்) சாவி புதிதாகச் செய்வது சின்னச் செலவில்லை.

## 10. எந்தப் பார்ட் புதுசு, எது பழசு

இங்கே விதி ஒன்றுதான்: தேய்வதும் உயிர் காப்பதும் புதிதாக, மற்றதைப் பழசிலும் தேடலாம். பிரேக் பேட், கிளட்ச், பெல்ட், பேரிங், ரப்பர் புஷ், டயர், சீட் பெல்ட், ஏர்பேக் எதையும் பழசில் வாங்கக் கூடாது. கதவு, பம்பர், ஹெட்லைட், கண்ணாடி, பவர் விண்டோ மோட்டார், இரும்பு ரிம், சீட் போன்றவற்றைப் பழசில் வாங்கினால் நல்ல மிச்சம். என்ஜின் மட்டும் வேண்டாம். எண் மாறினால் ஆர்டிஓவில் பதிய வேண்டும், அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் வரும்.

புதிதில் வாங்கும்போதும் கார் கம்பெனி பெட்டிதான் வேண்டும் என்பதில்லை. கார் கம்பெனிக்கே சப்ளை செய்கிறவர்கள் தங்கள் சொந்தப் பெட்டியிலும் விற்கிறார்கள்: ஸ்டியரிங் பாகங்களுக்கு ரானே, ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டருக்கு லூகாஸ் டிவிஎஸ், ஷாக் அப்சார்பருக்கு கேப்ரியல், ஃபில்டருக்கு பாஷ். பெரும்பாலும் விலை குறைவு. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கினாலே வித்தியாசம் தெரியும். 2025 செப்டம்பரில் பார்ட்ஸ் ஜிஎஸ்டியும் 28-லிருந்து 18 ஆனது. பழைய ஸ்டாக்கின் பெட்டியில் அச்சிட்ட எம்ஆர்பியைக் காட்டினால், இன்றைய விலை என்ன என்று கேளுங்கள்.

## 11. புதுப்பேட்டைக்குப் போகும்போது

பழைய பார்ட்டைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். முடியாவிட்டால் பார்ட் நம்பர் தெரிகிற மாதிரி போட்டோ. மாடல் பெயர் மட்டும் சொன்னால் போதாது.

"பாய், வேகன்ஆர் லெஃப்ட் ஹெட்லைட் இருக்கா?"

"எந்த வருஷம் தம்பி? லெவலிங் மோட்டார் உள்ளதா, இல்லாததா?"

லெவலிங் மோட்டார் என்பது ஹெட்லைட் வெளிச்சத்தை ஏற்றி இறக்குவது. இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாமல் போனால் வெறுங்கையோடு திரும்புவீர்கள், அல்லது பொருந்தாததை வாங்கி வருவீர்கள். ஹெட்லைட்டைக் கையில் கொடுத்ததும் முன்பக்கக் கண்ணாடியைப் பார்க்காமல் திருப்பிப் பாருங்கள். பாடியில் மாட்டும் காதுகள் மூன்றும் முழுசாக இருக்கிறதா? அடிபட்ட வண்டியில் முதலில் உடைவது அந்தக் காதுதான். எம்சீல் போட்டு ஒட்டி, மேலே கறுப்பு பெயின்ட் அடித்திருப்பார்கள். ஒரு மாதத்தில் ஆட ஆரம்பித்துவிடும். நகத்தால் கீறினால் தெரிந்துவிடும்.

ரோட்டிலேயே மறித்து "என்ன வேணும் சார்" என்று கூட்டிப்போகிறவருடன் போனால் அவர் கமிஷனும் விலையில் ஏறும். மின்சாரப் பொருள் எதுவானாலும் கடையிலேயே பேட்டரி கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பில் கேளுங்கள், "ஒத்துவரலைன்னா மாத்தித் தருவேன்" என்று அதில் எழுதியும் வாங்குங்கள். பில்லே தர மாட்டேன் என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விடுங்கள். திருட்டுப் பொருள் கையில் இருந்தால் வாங்கினவரும்தான் போலீஸுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

## 12. முதல் சர்வீஸ்

ஓனர் "போன மாசம்தான் ஆயில் மாத்தினேன்" என்று சொன்னாலும் என்ஜின் ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில் நான்கையும் மாற்றிவிடுங்கள். உங்கள் கணக்கு அன்றிலிருந்து தொடங்கும். டைமிங் பெல்ட் உள்ள என்ஜினாக இருந்து, மாற்றியதற்குப் பில் இல்லை என்றால் அதையும், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோடு சேர்த்து மாற்றுங்கள். பெரும்பாலான என்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளையும்.

ஆயில் கிரேடு ஓனர் மேனுவலில் இருப்பதுதான். "பழைய வண்டி, கெட்டி ஆயில் ஊத்தலாம்" என்ற யோசனையை ஏற்க வேண்டாம். பார்ட்ஸை நீங்களே வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் மெக்கானிக்கிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கூலியைச் சற்றுக் கூடக் கேட்பார், அது நியாயம்தான். கழற்றிய பழைய பார்ட்டை டிக்கியில் போட்டுத் தரச் சொல்லுங்கள். நிஜமாகவே மாற்றினார்களா என்பதும் தெரியும், அடுத்த தடவை கடைக்குப் போக பார்ட் நம்பரும் கையில் இருக்கும்.